திருப்பி அளித்தது யாருக்கு? – ஒரு தீர்ப்பின் மூலமும் உரையும்

மூலத்தைக் கண்ணால் காணாமல் உரையை மட்டும் படித்துவிட்டு வாதுக்கு வருவோரைத் தமிழாசிரியர்களாகிய நாம் நன்கறிவோம். திருக்குறளைப் பற்றிப் பேச வந்தவர் பரிமேலழகரைப் பற்றியே பேசி முடித்துவிட்டுப் போவதுண்டு. அதனால் பெருங்கேடு ஒன்றும் விளைவதில்லை. கேட்டவர்களின் ஒரு மாலைப்பொழுது கழியும், அவ்வளவே. ஆனால் ஒரு பெரிய நாட்டின் உச்ச நீதிமன்றம் எழுதிய தீர்ப்புக்கு இந்நிலை நேருமாயின், அதன் விளைவைச் சுமப்போர் அம்மேடையில் அமர்ந்திருப்பதில்லை.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2022 ஜூன் 24ஆம் நாள் டாப்ஸ் வழக்கில் தீர்ப்புக் கூறியது. கருக்கலைப்பைப் பெண்ணின் அரசியல் சட்ட உரிமை என ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளுக்கு முன் வகுத்த ரோ – வேட் வழக்கின் தீர்ப்பை அது நீக்கியது. "இனி இந்த அதிகாரம் மாநிலங்களுக்குத் திருப்பி அளிக்கப்பட்டது" என்பதே அன்று தொட்டு இன்றுவரை வழங்கிவரும் உரை. நான் படித்த தமிழ்ச் செய்திகளும் அவ்வாறே எழுதின. மூலத்தை எடுத்துப் பார்ப்போமானால் அங்கே இருப்பது வேறு. நீதிபதி சாமுவேல் அலிட்டோ எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு, இவ்விவகாரத்தை மக்களுக்கும் மக்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளுக்கும் திருப்பி அளிப்பதாகச் சொல்கிறது. வாஷிங்டனில் கூடும் காங்கிரஸ் உறுப்பினர்களும் மக்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளே அல்லரோ? உடன்பட்டுத் தனியே எழுதிய நீதிபதி பிரெட் கவனா இதனை இன்னும் வெளிப்படையாகவே கூறினார்: மாநிலங்களிலோ காங்கிரசிலோ மக்களாட்சி முறையில் முடிவு காணலாம் என்றார். ஒவ்வொரு மாநிலத்துக் குடிமக்களும் கருக்கலைப்பை ஒழுங்குபடுத்தவோ தடுக்கவோ அரசியல் சட்டம் குறுக்கே நிற்கவில்லை என்ற கூற்றும் பெரும்பான்மைத் தீர்ப்பில் உண்டு. அதை மறைத்தல் நேர்மையாகாது. எனினும் 'மாநிலம் செய்யலாம்' என்பது வேறு. 'மாநிலமே செய்யலாம்' என்பது வேறு. ஓர் ஏகாரத்தின் வேறுபாட்டை வகுப்பறையில் நாள்தோறும் விளக்குகிற நாம் இங்கு அதனை நழுவவிடலாகாது.

இவ்வளவு சிறிய வேறுபாட்டைப் பெரிதுபடுத்துவானேன் என அன்பர்கள் கேட்கலாம். அமெரிக்காவில் இவ்விவாதம் நடந்துவரும் முறையே அதற்குக் காரணம். சட்டம் என்ன சொல்ல வேண்டும் என்பதை விட்டுவிட்டு, சட்டத்தை யார் சொல்ல வேண்டும் என்பதைப் பற்றியே இரு கட்சியாரும் வாதிடுகின்றனர். அந்தக் கேள்விக்கு 2022இல் முடிந்த முடிபாக விடை கிடைத்துவிட்டது என்று நம்பினால், பின்வந்த ஆண்டுகளில் நடந்த எதுவும் நமக்குப் புரியாது. கருக்கலைப்பு அறமா அன்றா என்பதை இக்கட்டுரை ஆராயப் புகவில்லை. அதில் எனக்கும் ஒரு கருத்து உண்டு. இளமையில் இருந்ததைவிட இப்போது அதில் உறுதி குறைவு.

இச்சண்டை அங்கே இவ்வளவு முற்றியதற்கான காரணம் நம் நாட்டு அமைப்போடு ஒப்பிட்டால் விளங்கும். மலேசிய அரசியல் சட்டத்தின் ஒன்பதாம் அட்டவணை குற்றவியல் சட்டத்தைக் கூட்டரசுப் பட்டியலில் வைத்துவிட்டது. ஆகவே கருக்கலைப்பைப் பற்றிய தண்டனைச் சட்டம் 312ஆம் பிரிவு பெர்லிசுக்கும் ஜொகூருக்கும் ஒன்றே. தாயின் உயிருக்கோ, உடல் நலம் மன நலம் ஆகியவற்றுக்கோ நேரும் கேட்டைக் கருதி மருத்துவர் செய்வதற்கு 1989இல் விலக்கு அளித்தபோதும் அத்திருத்தம் எல்லார்க்கும் ஒன்றாகவே வந்தது. அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே கூட்டரசுக்குப் பெயர் சுட்டிக் கொடுக்கப்பட்ட அதிகாரங்களே உண்டு. எஞ்சியவை மாநிலங்களுக்கு அல்லது மக்களுக்கு உரியன என்று 1791இல் சேர்ந்த பத்தாம் திருத்தம் கூறுகிறது. கொலை, களவு, திருமணம், மருத்துவத் தொழில் ஆகியவை பெரும்பாலும் மாநிலச் சட்டத்தின்பாற் பட்டவை. கூட்டரசு இவற்றுள் நுழைய வேண்டுமானால் அஞ்சல், மாநிலங்களுக்கு இடையிலான வாணிகம், தான் வழங்கும் பணம், 1868இன் பதினான்காம் திருத்தம் காக்கும் உரிமைகள் என்றாற்போன்ற ஏதேனும் ஒரு வாயிலைத் தேடியாக வேண்டும். கருக்கலைப்பு விவகாரத்தில் இந்நான்கு வாயில்களும் வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு கட்சியாரால் திறக்கப்பட்டன. அஞ்சல் வாயில்தான் முதலிற் திறந்தது. 1873இல் காங்கிரஸ் இயற்றிய காம்ஸ்டாக் சட்டம் கருத்தடைக்கும் கருக்கலைப்புக்கும் உரிய பொருள்களை அஞ்சலில் அனுப்புவதைக் குற்றமாக்கியது. கருத்தடையைப் பற்றிய பகுதி 1971இல் நீக்கப்பட்டது; மற்றது ஏட்டிலிருந்து நீக்கப்படவில்லை.

மாநிலங்களே தீர்மானிக்கட்டும் என்னும் கட்சிக்கு வலிமையான சான்று ஒன்று உண்டு. அதை அக்கட்சியார் அதிகம் எடுத்தாள்வதில்லை என்பது எனக்கு வியப்பு. 1970 ஏப்ரல் 9ஆம் நாள் நியூயார்க் மாநிலச் சட்டமன்றத்தில் நடந்ததைச் சொல்கிறேன். கருவுற்ற இருபத்து நான்கு வாரங்களுக்குள் கருக்கலைப்பை அனுமதிக்கும் மசோதா வாக்குக்கு வந்து, தோற்கும் தறுவாயில் நின்றது. ஆபர்ன் நகரத் தொகுதியின் உறுப்பினர் ஜார்ஜ் மைக்கேல்ஸ், கத்தோலிக்கர் மிகுந்த தம் தொகுதியாரின் விருப்பத்தை மதித்து எதிர்த்தே வாக்களித்திருந்தார். முடிவு அறிவிக்கப்படுமுன் அவர் எழுந்தார். தம் அரசியல் வாழ்வு இதனோடு முடியும் என்பதை அறிந்தே தம் வாக்கை மாற்றுவதாகக் கூறினார். மசோதா நிறைவேறியது; அவ்வாண்டே அவருடைய கட்சி அவரைக் கைவிட்டது. இரண்டாண்டு கழித்து, 1972இல், அதே சட்டமன்றம் அச்சட்டத்தை நீக்க வாக்களித்தது. ஆளுநர் நெல்சன் ராக்ஃபெல்லர் தம் மறுப்பாணையால் அதைக் காத்தார். மக்கள் பிரதிநிதி ஒருவர் தம் மனச்சான்றோடு போராடுவதை மக்கள் நேரில் கண்டு, அதற்கு அவரையே கணக்குக் கேட்டனர். வழக்குமன்றத்தில் இதைக் காண இயலாது.

ஆயினும் அதே நியூயார்க் சட்டத்தில் மற்றொரு பாடமும் உண்டு. அம்மாநிலத்தில் குடியிருப்போர்க்கு மட்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை. ஆகவே பிற மாநிலப் பெண்கள் பேருந்திலும் விமானத்திலும் அங்கே வந்து இறங்கினர். கட்டணத்துக்கும் பயணத்துக்கும் பணம் உள்ளவர்கள் வந்தனர், இல்லாதவர்கள் வரவில்லை. 1967இல் கொலராடோ முதன்முதல் சட்டத்தைத் தளர்த்தியது முதல் 1973 வரை ஒரு சில மாநிலங்கள் முன்சென்றன. முப்பது மாநிலங்களிலோ தாயின் உயிர் காக்க அன்றி வேறு எதற்கும் அனுமதி இல்லை. மாநில எல்லைக்குள் விவகாரம் அடங்கும் என்ற நம்பிக்கை அப்போதே பொய்த்துவிட்டது.

1973 ஜனவரி 22இல் ரோ தீர்ப்பு வந்தது. ஒன்பது நீதிபதிகளில் எழுவர் ஒருபுறம், இருவர் மறுபுறம். பதினான்காம் திருத்தத்தில் உள்ள தனிமனித சுதந்திரம் என்னும் சொல்லிலிருந்து நீதிபதி ஹாரி பிளாக்மன் அந்தரங்க உரிமையை வருவித்து, கருக்காலத்தை மும்மூன்று திங்களாகப் பகுத்து விதி செய்தார். சட்ட மன்றம் செய்ய வேண்டிய வேலை இது என்னும் குற்றச்சாட்டு உடனே எழுந்தது. எதிரிகள் மட்டும் எழுப்பினர் என்று எண்ண வேண்டா. கொள்கை அளவில் கருக்கலைப்பு உரிமையை விரும்பிய சட்டப் பேராசிரியர் ஜான் ஹார்ட் ஈலி அவ்வாண்டே அத்தீர்ப்பைக் கடுமையாகச் சாடினார். பின்னாளில் உச்ச நீதிமன்றத்தில் அமர்ந்து அவ்வுரிமைக்காக ஓயாமல் நின்ற ரூத் பேடர் கின்ஸ்பர்க்கும், ரோ தீர்ப்பு வேண்டிய அளவுக்கு மேல் நீண்டுவிட்டது, மெல்ல நகர்ந்துகொண்டிருந்த அரசியல் மாற்றத்தைத் தடுத்துவிட்டது என்றார். அவ்வுரிமையை ஆண் பெண் சமத்துவத்தின்மேல் நிறுத்தியிருக்க வேண்டும் என்பது அவர் துணிபு. அடிப்படை பலவீனமான வீடு கட்டப்பட்டது என்பதை அதில் குடியிருந்தவர்களே அறிந்திருந்தனர்.

இனி, ரோ தீர்ப்புக்குப் பின் மாநில உரிமை என்னும் கொடியை யார் யார் பிடித்தனர், யார் யார் கைவிட்டனர் என்று பார்த்தால் ஒரு வேடிக்கை புலப்படும். தீர்ப்பை எதிர்த்தவர்கள் 1976இல் கூட்டரசின் பணத்தைக் கொண்டே தொடங்கினர். ஏழையர்க்கான மருத்துவ உதவி நிதியைக் கருக்கலைப்புக்குச் செலவிடுவதைப் பெரும்பாலும் தடுக்கும் ஹைட் திருத்தம் அவ்வாண்டு வந்தது. 1980இல் உச்ச நீதிமன்றம் ஐவர் நால்வர் என்ற கணக்கில் அதை ஏற்றது. 1983 ஜூனில், இவ்வுரிமையை அரசியல் சட்டம் அளிக்கவில்லை என்று மட்டும் சொல்லும் ஒரு திருத்தம் செனட் சபையில் வாக்குக்கு விடப்பட்டது. மூன்றில் இரு பங்கு வேண்டியிருக்க, 49 பேர் ஆதரித்தும் 50 பேர் எதிர்த்தும் வாக்களித்தனர். டாப்ஸ் தீர்ப்பு 39 ஆண்டுகளுக்குப் பின் செய்ததை இத்திருத்தம் அரசியல் சட்டம் வகுத்த முறைப்படியே செய்திருக்கும். அன்று அது போதவில்லை. எதிர்த்தவர்களுள் ஒரு சாரார்க்கு நாடு முழுவதற்கும் பொதுவான தடையே வேண்டியிருந்தது. 2003இல் அவர்களுக்குக் காங்கிரசில் வலிமை வந்தது. கருக்கலைப்பு முறைகளுள் ஒன்றை நாடெங்கும் குற்றமாக்கும் சட்டத்தில் ஜார்ஜ் புஷ் கையொப்பமிட்டார். மாநில உரிமை அன்று எங்கே போயிற்று என்று கேட்டவர் சிலரே.

டாப்ஸ் தீர்ப்புக்குப் பின்னும் இதே கதைதான். மாநிலங்களே முடிவு செய்யட்டும் என்று பேசிவந்த செனட்டர் லிண்ட்சி கிரேயம், தீர்ப்பு வந்து மூன்று திங்கள் நிறைவதற்குள், 2022 செப்டம்பர் 13இல், பதினைந்து வாரங்களுக்கு மேற்பட்ட கருக்கலைப்பை நாடெங்கும் தடுக்கும் மசோதாவைக் கொணர்ந்தார். அதில் ஒரு நுட்பம் காண்க. இதைவிடக் கடுமையான சட்டம் வைத்திருக்கும் மாநிலங்கள் அதை வைத்துக்கொள்ளலாம். தளர்ந்த சட்டம் வைத்திருப்பவை வைத்துக்கொள்ள முடியாது. ஒரு பக்கம் மட்டும் திறக்கும் கதவுக்கு மாநில உரிமை என்று பெயர் வைத்தால் எப்படி? மறுகட்சியின் நிலையும் மெச்சத்தக்கதாயில்லை. மாநிலத் தடைகளை எல்லாம் நீக்கும் கூட்டரசுச் சட்டம் ஒன்றை அவர்கள் கீழவையில் 2021இல் நிறைவேற்றினர். செனட்டில் 2022 பிப்ரவரியிலும் மே திங்களிலும் இருமுறை முயன்று தோற்றனர். தோற்றவுடன், நேற்றுவரை பழிக்கப்பட்ட மாநில உரிமை அவர்களுக்கு இனிக்கத் தொடங்கியது. மாநில அரசியல் சட்டங்களையும், மாநில நீதிமன்றங்களையும், மாநில ஆளுநர்களையும் அரணாகக் கொண்டு இன்று வாதிடுவோர் அவர்களே.

கட்சிகளின் தடுமாற்றத்தை இத்துடன் விடுவோம். அது எந்நாட்டிலும் உள்ளதே. தீர்ப்பின் மூலத்துக்குத் திரும்புவோம். 'மக்கள்' என்ற சொல்லை அது எவ்வாறு ஆள்கிறது? வழக்குத் தோன்றிய இடம் மிசிசிப்பி. பதினைந்து வாரத்துக்கு மேற்பட்ட கருக்கலைப்பைத் தடுக்கும் 2018ஆம் ஆண்டுச் சட்டமே வழக்குக்குப் பொருள். பெண்கள் அரசியல் வலிமையற்றவர்கள் அல்லர் என்று காட்டுவதற்குத் தீர்ப்பு ஒரு கணக்கைத் தருகிறது: மிசிசிப்பியின் மக்கள்தொகையில் பெண்கள் ஏறக்குறைய 51.5 விழுக்காடு, 2020 நவம்பர்த் தேர்தலில் வாக்களித்தோருள் அவர்கள் 55.5 விழுக்காடு. கணக்குச் சரியே. இக்கணக்கைத் தந்த ஆசிரியர் அதற்கு அடுத்த பக்கத்தையும் புரட்டியிருக்க வேண்டும் என்பதே என் குறை.

அந்தப் பக்கத்தில் இருப்பது இது. கருவுற்ற நொடி முதலே கருவை முழு மனிதனாகக் கொள்ளும் திருத்தம் ஒன்றை 2011 நவம்பரில் அதே மிசிசிப்பி மக்கள் முன் வைத்தனர். கருக்கலைப்பை வெறுப்போர் மிகுந்த அம்மாநிலத்தில், வாக்களித்தவர்களுள் ஏறக்குறைய 58 விழுக்காட்டினர் வேண்டா என்றனர். அதாவது சட்டமன்றத்தின் மனமும் மக்களின் மனமும் எல்லா இடத்தும் ஒன்றாயிருக்கவில்லை என்பதற்கு அம்மாநிலமே சான்று. அத்தகைய நேரடி வாக்கெடுப்பை மக்களே கையொப்பம் திரட்டிக் கோரும் உரிமை மிசிசிப்பியில் இருந்தது. 2021 மே திங்களில், டாப்ஸ் தீர்ப்புக்கு ஓராண்டு முன்பு, மிசிசிப்பி உயர்மன்றம் அம்முறையையே செயலறச் செய்தது. மாநில அரசியல் சட்டம் எந்த ஒரு காங்கிரஸ் தொகுதியிலிருந்தும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கையொப்பங்கள் வரக்கூடாது என்கிறது. 2000ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்குக்குப் பின் அம்மாநிலத்துக்கு இருக்கும் தொகுதிகளோ நான்கே. நான்கு ஐந்திலொன்றைக் கூட்டினால் முழுமை வராது. ஆகவே எவரும் எதையும் வாக்குக்குக் கொணர இயலாது என்று தீர்ப்பாயிற்று. நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பின்னம் கற்பிக்கும்போது இந்த எடுத்துக்காட்டைச் சொல்லலாம்! அதனைச் செப்பனிடச் சட்டமன்றத்தில் 2022, 2023, 2024 ஆகிய ஆண்டுகளில் நடந்த முயற்சிகள் நிறைவேறவில்லை. மக்களிடம் திருப்பி அளிக்கிறோம் என்று வாஷிங்டனில் எழுதியபோது, வாங்கிக்கொள்ளும் கை மிசிசிப்பியில் கட்டப்பட்டிருந்தது.

பிற மாநிலங்களில் அக்கை கட்டப்படவில்லை. அங்கெல்லாம் நிகழ்ந்தது இரு கட்சியாரும் எதிர்பாராதது. 2022 ஆகஸ்டில் கேன்சஸ் மக்கள், தம் மாநில அரசியல் சட்டத்திலிருந்து இவ்வுரிமையை நீக்கும் திருத்தத்தை ஏறக்குறைய 59க்கு 41 என்ற விகிதத்தில் தள்ளினர். கேன்சஸ் பழமைக் கட்சிக்கு நெடுங்காலம் வாக்களித்து வரும் மாநிலம். மிச்சிகனில் அவ்வாண்டு நவம்பரிலும், ஒஹாயோவில் 2023 நவம்பரிலும், அரிசோனா, மிசோரி ஆகியவற்றில் 2024 நவம்பரிலும் மக்கள் அவ்வுரிமையை மாநில அரசியல் சட்டத்தில் எழுதிச் சேர்த்தனர். மாநிலங்களே தீர்மானிக்கட்டும் என்பதன் நற்பயன் இது என்று ஒருவர் வாதிட்டால், அதனை நான் மறுக்கமாட்டேன். ஆனால் உடனே என்ன நடந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒஹாயோவில் நவம்பர் வாக்கெடுப்புக்கு முன்னரே, ஆகஸ்டில், திருத்தம் நிறைவேற 60 விழுக்காடு வேண்டும் என்று விதியை உயர்த்த ஆளுங்கட்சி முயன்றது. மக்கள் அதனையும் தள்ளினர். புளோரிடாவில் அவ்விதி முன்பே இருந்தது. 2024 நவம்பரில் அங்கே ஏறக்குறைய 57 விழுக்காட்டினர் ஆதரித்தும் திருத்தம் தோற்றது. 57 பேர் ஆம் என்று 43 பேர் அன்று என்றால், 'மக்கள்' சொன்னது யாது? பன்மைச் சொல்லுக்கு எண் குறிப்பவர் யார் என்பதைப் பொறுத்திருக்கிறது.

அரிசோனாவின் செய்தி இன்னும் விசித்திரம். அம்மாநில உயர்மன்றம் 2024 ஏப்ரலில், 1864ஆம் ஆண்டின் தடைச் சட்டம் இன்றும் செல்லும் என்றது. 1864இல் அரிசோனா ஒரு மாநிலமே அன்று, கூட்டரசின் ஆட்சிப்பகுதியாக இருந்தது, 1912இல்தான் மாநிலமாயிற்று. சட்டம் செய்தவர்களுள் பெண் ஒருத்தியும் இல்லை; அவர்களைத் தேர்ந்தெடுத்தவர்களுள்ளும் இல்லை. மக்களின் முடிவு என்று இதைக் கொள்வதானால் அம்மக்கள் மறைந்து தலைமுறைகள் கடந்தன. மறுதிங்களே சட்டமன்றம் அதை நீக்கியது என்பது ஆறுதல்.

மாநில எல்லை என்னும் கோடு எவ்வளவு வலிமையானது என்பதை இனிப் பார்க்கலாம். 1970இல் பெண் பயணம் செய்தாள். இப்போது மாத்திரை பயணம் செய்கிறது. மிஃபெப்ரிஸ்டோன் என்னும் மருந்தைக் கூட்டரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2000இல் ஏற்றது. அதை அஞ்சலில் பெறுவதற்கு இருந்த தடை 2021இல் தளர்ந்தது. அதை எதிர்த்த வழக்கை உச்ச நீதிமன்றம் 2024 ஜூனில் ஒருமனதாகத் தள்ளியது. வழக்காடியவர்களுக்கு வழக்காடும் தகுதி இல்லை என்பதே காரணம். மருந்தைப் பற்றி ஒன்றும் முடிவு செய்யவில்லை. 1873இன் அஞ்சல் சட்டத்தைத் தூசி தட்டி எடுக்கலாம் என்போரும் இப்போது பேசத் தொடங்கியுள்ளனர். நியூயார்க்கில் இருந்தபடியே மருத்துவர் ஒருவர் பிற மாநில நோயாளிகளுக்கு மாத்திரை எழுதித் தந்தார் என்று லூசியானா 2025 ஜனவரியில் குற்றம் சாட்டியது; டெக்சாஸ் நீதிமன்றம் பிப்ரவரியில் அவருக்கு ஓர் இலட்சம் டாலருக்கு மேல் தண்டம் விதித்தது. நியூயார்க் ஆளுநர் மருத்துவரை ஒப்படைக்க மறுத்தார். டெக்சாசின் தண்டத்தைப் பதிவு செய்ய நியூயார்க் மாவட்ட அலுவலர் ஒருவர் மறுத்தார். ஒரு மாநிலத்துத் தீர்ப்பை மற்ற மாநிலங்கள் மதிக்க வேண்டும், குற்றம் சாட்டப்பட்டவரைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பன அரசியல் சட்டத்தின் நான்காம் பிரிவில் உள்ளவை. அம்மதிப்பை வற்புறுத்தும் இடம் கூட்டரசின் நீதிமன்றமே. ஆக, மாநிலம் தன் சட்டத்தைக் காத்துக்கொள்வதற்கே கூட்டரசின் கதவைத் தட்ட வேண்டியிருக்கிறது.

அமெரிக்க வரலாறு படித்தவர்க்கு இது புதிதன்று. அடிமைமுறை நிலவிய தென் மாநிலங்கள் மாநில உரிமையை உயிரென மதித்தன என்பர். ஆனால் வடக்கே தப்பிச் சென்ற அடிமைகளைப் பிடித்துத் தரும்படி கூட்டரசின் வலிமையை அவர்களே வேண்டினர். 1850இன் தப்பியோடிய அடிமைகள் சட்டம் அவ்வாறு வந்தது. வட மாநிலங்கள் அதற்கு இடையூறு செய்கின்றன என்பது, 1860இல் தென் கரோலினா பிரிந்துபோகும்போது கூறிய குறைகளுள் ஒன்று. அடிமைமுறையையும் கருக்கலைப்பையும் நான் சமமாக வைக்கிறேன் என்று எவரும் கொள்ள வேண்டா. எந்தக் கட்சியை எந்தக் கட்சியோடு ஒப்பிடுவது என்பதிலேயே அங்கே பெரும் பூசல் உண்டு. வழக்கின் அமைப்பு ஒன்றாயிருத்தலை மட்டும் சுட்டுகிறேன்.

ஈண்டு ஒரு சொல்லாராய்ச்சிக்கு இடம் வேண்டும். கரு கலைதல் தன்வினை. கருவைக் கலைத்தல் பிறவினை. நம் மொழியில் ஒரு தகரம் இவ்விரண்டையும் வேறுபடுத்திவிடுகிறது. ஆங்கில மருத்துவ நூல்களோ தானே கலைந்ததையும் கலைக்கப்பட்டதையும் ஒரே சொல்லால் குறிப்பதுண்டு. இரண்டுக்கும் செய்யும் மருத்துவமும் பல நேரங்களில் ஒன்றே. குருதிப்போக்கோடு மருத்துவமனைக்கு வரும் பெண்ணுக்கு நடந்தது தன்வினையா பிறவினையா என்று அவசரப் பிரிவில் நிற்கும் மருத்துவர் இலக்கணம் பார்க்க வேண்டிய நிலை வந்தது. தவறினால் அவருக்குச் சிறை. மருத்துவக் காரணங்களைப் பொறுத்தவரை ஐடஹோ மாநிலம் தாயின் உயிர் காக்க மட்டுமே விலக்களித்தது. உறுப்புக்கேடு, கருப்பை இழப்பு ஆகியவற்றுக்கு விலக்கு இல்லை. கூட்டரசின் நிதி பெறும் மருத்துவமனைகள் அவசர நோயாளியின் நிலையைச் சீராக்கியே தீர வேண்டும் என்னும் 1986ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டிக் கூட்டரசு 2022 ஆகஸ்டில் வழக்கிட்டது. 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மாநிலச் சட்டம் முழுமையாக நடக்க இடம் தந்தது. பின் ஜூன் 27இல், இவ்வழக்கை இப்போது எடுத்திருக்கவே கூடாது என்று சொல்லித் தள்ளியது. இடைப்பட்ட அந்தத் திங்கள்களில் ஐடஹோவின் கர்ப்பிணிகள் சிலர் விமானத்தில் வெளிமாநிலம் கொண்டுசெல்லப்பட்டனர். 2025 மார்ச்சில், ஆட்சி மாறியபின், கூட்டரசு தானே தன் வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. மாநிலமா கூட்டரசா என்ற கேள்விக்கு அவ்வழக்கில் விடை எழுதப்படவேயில்லை.

அந்த விடை இன்னொரு வழக்கிலும் எழுதப்படாமல் நிற்கிறது. 2003ஆம் ஆண்டுக் கூட்டரசுச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் 2007இல் ஐவர் நால்வர் என்ற கணக்கில் ஏற்றது. அச்சட்டம் மருத்துவரைப் பிடிப்பது எந்த வாயிலால் தெரியுமா? மாநிலங்களுக்கு இடையிலான வாணிகத்தில் ஈடுபட்டவராக, அல்லது அவ்வாணிகத்தைத் தொடுபவராக அவரைக் கொண்டு. பிரசவ அறையில் வாணிகம்! கருக்கலைப்பு உரிமையை ஒருபோதும் ஏற்காத நீதிபதி கிளேரன்ஸ் தாமஸ் அத்தீர்ப்பில் உடன்பட்டுவிட்டு, ஒரு சிறு குறிப்பை மட்டும் தனியே எழுதி வைத்தார்: வாணிக அதிகாரத்தின்கீழ் காங்கிரஸ் இப்படிச் சட்டம் செய்யலாமா என்பது எங்கள் முன் வாதிடப்படவில்லை என்று. சட்டத்தை எதிர்த்தவர்கள் அதை வாதிடவில்லை. காங்கிரசின் கை குறுகினால், தாங்கள் வேண்டும் சட்டத்தையும் ஒருநாள் அதனால் செய்ய முடியாமற் போகும். ஆதரித்தவர்கள் வாதிட வேண்டிய தேவையே இல்லை. நாடு முழுவதற்கும் தடை விதிக்கும் சட்டமோ, நாடு முழுவதற்கும் உரிமை தரும் சட்டமோ, எது வந்தாலும் முதலில் கேட்கப்படப் போவது அந்தக் கேள்விதான். டாப்ஸ் தீர்ப்பின் மூலத்தில் அதற்கு இடம் விடப்பட்டிருக்கிறது.